அழகுக்கு ஒன்று, பார்வைக்கு ஒன்று

கண்ணாடிக் கடை மேசைமேல் இரண்டு சின்ன டப்பாக்கள் இருந்தன. ஒன்றுக்கு வெள்ளை மூடி. இன்னொன்றுக்கு நீல மூடி.

“ரெண்டும் உங்களோடதுதான்,” என்றாள் கண் பரிசோதகி தொரில். “ஆனா இன்னிக்கு ஒண்ணுதான் போடலாம். மாத்தி மாத்திப் போட்டா கண்ணு தாங்காது. ஆறு மணி நேரம். அதுக்கு மேல ஒரு நிமிஷம்கூட வேண்டாம்.”

மாரித் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். காலை பத்தேகால். பன்னிரண்டு மணிக்குத் தம்பி ஹால்வருக்குக் கல்யாணம்.

எந்த லென்ஸ் என்று போன வாரமே அவள் தம்பியிடம் கேட்டிருந்தாள். “உன் இஷ்டம்க்கா,” என்று ரொம்ப வேகமாகச் சொல்லிவிட்டு, மழை வருமா, பாதாம் கேக் எத்தனை அடுக்கு என்று வேறு பேச்சுக்குத் தாவிவிட்டான். அந்த வேகம் அவளுக்கு அன்றிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது.

மாரித்துக்கு முப்பத்தாறு வயது. பதிமூன்றாவது வயதில் இடது கண்ணில் தூண்டில் முள் பட்டது. கருவிழியின் மேல் பால் துளி சிந்தினாற்போல் ஒரு வெள்ளைத் தழும்பு. அந்தக் கண்ணால் வெளிச்சம் தெரியும், நிறம் தெரியும். முகம் தெரியாது. பனிமூட்டத்தில் நடமாடுகிறவர்களைப் போல ஆட்கள் வந்து போவார்கள்.

“எனக்கு இன்னும் புரியல,” என்றாள் அம்மா குட்ரூன். காலையிலேயே கல்யாணத்துக்காக, நார்வேயின் பாரம்பரிய உடையான புனாட்டை உடுத்திக்கொண்டு வந்திருந்தாள். கறுப்புக் கம்பளியில் இரண்டு குளிர்காலம் உட்கார்ந்து தன் கையாலேயே பூத்தையல் போட்ட உடை. நெஞ்சில் வெள்ளி புரூச். “ரெண்டையும் ஒண்ணுலயே சேர்த்துச் செய்ய முடியாதாம்மா? மனுஷன் நிலாவுக்கே போயிட்டு வந்துட்டான்.”

தொரில் சிரித்தாள். இதை ஏற்கெனவே மூன்று முறை விளக்கியவள்.

“உங்க பொண்ணு கண்ணு மேல தழும்பால மேடு பள்ளம் ஆயிடுச்சு. வெள்ளை மூடியில இருக்கறது கெட்டியான லென்ஸ். உள்ள உப்புத்தண்ணி நிரப்பி வச்சா, அந்தப் பள்ளத்தையெல்லாம் தண்ணி அடைச்சுடும். நல்லா தெரியும். ஆனா தழும்பு அப்படியேதான் வெளிய தெரியும். நீல மூடியில இருக்கறது மெத்துனு இருக்கற லென்ஸ். கையால வர்ணம் தீட்டினது. தழும்பை மறைச்சுடும். ஆனா பார்வை இப்ப இருக்கற மங்கல்தான்.”

“அப்போ நீலம்தான்,” என்றாள் அம்மா. “அதுல யோசிக்க என்ன இருக்கு?”

யோசிக்க நிறைய இருந்தது. மூன்று வாரத்துக்கு முன் நிறம் பொருத்திப் பார்த்தபோது நான்கு மாதிரிகளைப் போட்டுக் காட்டினார்கள். முதலாவது ரொம்ப நீலம். “பொம்மைக் கண்ணு மாதிரி இருக்கு,” என்று அம்மா முகம் சுளித்தாள். மூன்றாவது பச்சைக்குச் சாய்ந்தது. நான்காவதை வைத்துவிட்டுத் தொரில் கண்ணாடியைத் திருப்பினாள். மாரித்தின் வலது கண்ணில் இருக்கும் அதே சாம்பல் நிறம், ஓரத்தில் அதே கறுப்பு வளையம். இரண்டு கண்ணும் ஒன்றுபோல் இருந்த ஒரு பெண் கண்ணாடிக்குள்ளிருந்து அவளைப் பார்த்தாள். அந்தப் பெண்ணை மாரித்துக்குப் பிடித்துவிட்டது. அதுதான் சங்கடம்.

பிடிக்காமல் இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்!

“இன்னிக்கு ஒரு நாள்டி,” என்று அம்மா குரலைத் தாழ்த்தினாள். “போட்டோ எடுக்கறவன் ஓஸ்லோலேர்ந்து வரான். ஆயுசுக்கும் சுவத்துல தொங்கப்போற படம். நாளைக்கு வெள்ளையைப் போட்டு ஆசை தீரப் பார்த்துக்கோ. உலகம் எங்கயும் ஓடிடாது.”

“உலகம் ஓடாது. தம்பி கல்யாணம் ஓடிடுமே.”

“கல்யாணத்தைப் பார்க்க ஒரு கண்ணு போதாதா? இத்தனை வருஷமா அப்படித்தானே...”

சொல்லி முடிப்பதற்குள் அம்மாவே வாயை மூடிக்கொண்டாள். தொரில் எழுந்து போய், ஏற்கெனவே சுத்தமாக இருந்த கைகழுவும் தொட்டியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

“அதுமட்டுமில்லடி,” என்றாள் அம்மா. “ஹால்வரை நினைச்சுப் பாரு. உன் அந்தக் கண்ணைப் பார்த்தா அவன் முகமே வாடிடும். சின்னதுலேர்ந்து அப்படி. அவ்வளவு பாசம் உன்மேல. இன்னிக்காவது அவன் சந்தோஷமா இருக்கட்டும்.”

தம்பியின் முகம் வாடுவதற்குக் காரணம் பாசம் மட்டும் இல்லை என்று மாரித்துக்குத் தெரியும். அவளுக்கும் அவனுக்கும் மட்டும்தான் தெரியும்.

அவனுக்காகத்தான் கை நீல மூடியின் பக்கம் போனது. எடுத்தும் விட்டாள்.

அப்போது போன் ஒலித்தது. யொருன். பள்ளிப் பேண்டு குழுவில் ட்ரம்போன் ஊதும் பதினான்கு வயதுப் பெண். மாரித் ஒன்பது வருடமாக நடத்தும் குழு அது. தேவாலயத்தை விட்டு மணமக்கள் வெளியே வரும்போது வாசலில் வாசிக்கப் போகிறார்கள்.

“மாரித், நாங்க இங்க வந்துட்டோம். இடம் ரொம்பக் குறுகல். ட்ரம்போன், ஹார்ன் எல்லாம் எந்தப் பக்கம் நிக்கட்டும்?”

“எப்பவும் போல இடது பக்கம்.”

“உங்களுக்குத் தெரியாத பக்கமா?”

“ஆமா.”

“சரி, ஜாலி,” என்றாள் யொருன். போன் அணைந்தது.

மாரித் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முப்பத்தொரு பிள்ளைகள். அதில் இடது பக்கம் நிற்கும் பதினைந்து பேர் எப்போதும் அவளுக்கு வெறும் பனிமூட்டம். தலையைத் திருப்பினால் தெரிவார்கள். திருப்பினால் வலது பக்கம் தப்பிப் போகும். அந்தப் பக்கத்தை அவள் காதால் மட்டுமே நடத்தி வந்திருக்கிறாள். உங்களுக்குத் தெரியாத பக்கம். குழந்தைகள் அதற்குப் பெயரே வைத்துவிட்டிருக்கிறார்கள்!

நீல டப்பாவை மேசைமேல் வைத்தாள்.

“வெள்ளை,” என்றாள்.

“மாரித்...” என்றாள் அம்மா.

“அம்மா, வெள்ளை.”

கையைக் கழுவி, குனிந்து, மேசைக்குச் சமமாக முகத்தை வைத்துக்கொண்டாள். கிண்ணம்போல இருந்த லென்ஸில் உப்புநீர் தளும்பியது. முதல் முறை குமிழி விழுந்துவிட்டது. இரண்டாம் முறை இமை தட்டி, தண்ணீர் மேசையெல்லாம் கொட்டியது. மூன்றாம் முறை சில்லென்று ஏதோ வந்து கண்ணில் உட்கார்ந்தது. நிமிர்ந்தாள்.

அறை ஆழமாகிவிட்டது. அப்படித்தான் அவளுக்குத் தோன்றியது. நாற்காலி முன்னால் வந்தது, சுவர் பின்னால் போனது. இடது பக்கம் அம்மா இருந்தாள். பனிமூட்டம் இல்லை, அம்மா. புருவத்துக்கு மேல் ஒரு மச்சம். புரூச்சில் தொங்கும் ஒவ்வொரு வெள்ளித் தகடும் தனித்தனியாக ஆடியது.

“அம்மா, நீ அழுதிருக்க.”

“காத்து,” என்றாள் அம்மா விறைப்பாக.

“கடைக்குள்ளயா?”

“படி இறங்கும்போது பார்த்து இறங்குங்க,” என்று தொரில் குறுக்கிட்டாள். “ஆழம் திடீர்னு தெரியறதால முதல்ல கால் தடுமாறும்.”

ஓலசுண்ட் நகரத்திலிருந்து தங்கள் தீவுக்கு அம்மாதான் காரை ஓட்டினாள். கடலுக்கடியில் இறங்கும் சுரங்கச் சாலையில் கார் போய்க்கொண்டிருந்தது. மாரித் இடது கண்ணை மூடித் திறந்து, மூடித் திறந்து, விளக்குகள் தட்டையாவதையும் வரிசையாக விலகிப் போவதையும் பார்த்துக்கொண்டே வந்தாள்.

“குழந்தை மாதிரி பண்ணாத,” என்றாள் அம்மா. அதுதான் வழியில் பேசிய ஒரே வார்த்தை.

தேவாலய வாசலில் தூறல். கறுப்புக் கோட்டில் ஹால்வர் நின்றிருந்தான். முப்பத்தொரு வயது, ஆறடிக்கு மேல் உயரம், கழுத்துப் பட்டை இறுகியதால் முகம் சிவந்திருந்தது. அக்காவைப் பார்த்ததும் சிரித்தபடி வந்தான். வழக்கம்போல அவளுடைய வலது பக்கமாக வந்தான். பிறகு அவள் முகத்தை முழுதாகப் பார்த்தான்.

சிரிப்பு நின்றது.

“வெள்ளையா?”

“வெள்ளைதான்டா.”

“சரி,” என்றான். வேறு எதையோ சொல்ல வாய் திறந்தான். பாதிரியார் கையசைத்துக் கூப்பிட்டார். “சரிக்கா,” என்று இன்னொரு முறை சொல்லிவிட்டு உள்ளே போனான்.

அம்மா அவளைத் திரும்பிப் பார்த்த பார்வையில், ‘நான் அப்பவே சொன்னேனே’ என்று எழுதியே இருந்தது.

தப்புப் பண்ணிவிட்டோமோ? ஒரு நாள். அவன் கேட்டதே இல்லை. ஆனால் ஒரே ஒரு நாள் கொடுத்திருக்கலாமே. தேவாலயத்தின் உள்ளே உட்கார்ந்திருந்த நாற்பது நிமிடமும் மாரித்துக்கு இதே நினைப்பு. மணமகள் சீவ் உள்ளே வந்ததையும், மோதிரம் ஹால்வரின் விரல் கணுவில் மாட்டிக்கொண்டு எல்லோரும் சிரித்ததையும் அவள் இரண்டு கண்ணாலும் பார்த்தாள். பார்த்தும் மனம் நிலைகொள்ளவில்லை.

கடைசிப் பாட்டு தொடங்கியதும் பக்கக் கதவு வழியே வெளியே நழுவினாள்.

நீலச் சட்டையில் முப்பத்தொரு பிள்ளைகள் அரைவட்டமாக நின்றிருந்தார்கள். மாரித் நடுவில் போய் நின்று, இரண்டு கையையும் உயர்த்தினாள். கதவு திறந்தது. மணி அடித்தது. கை இறங்கியது.

வலது பக்கம் கார்னெட் ஊதுகுழல்கள் எடுப்பாக ஆரம்பித்தன. அது எப்போதும் நடப்பது. அவள் தலையைத் திருப்பாமல், கண்ணை மட்டும் இடது பக்கம் ஓட்டினாள்.

அங்கே ஒரு புது ஊரே இருந்தது.

ஹார்ன் வாசிக்கும் இரட்டைச் சகோதரிகளில் ஒருத்தி இன்னொருத்தியின் தாளைப் பார்த்து வாசித்துக்கொண்டிருந்தாள். டூபா என்ற பெரிய ஊதுகுழலின் வாய்க்குள் யாரோ மழைக்கோட்டைச் சுருட்டி வைத்திருந்தார்கள். ட்ரம்போன் வரிசையில் யொருன் அழகாகக் குழாயை முன்னும் பின்னும் நகர்த்தினாள், தாளம் தவறாமல், உடம்பை ஆட்டி ஆட்டி. கன்னம் மட்டும் அசையவே இல்லை.

ஊதவில்லை! ஊதுகிறமாதிரி நடிக்கிறாள்!

மாரித் அவளையே பார்த்தாள். சில நொடி கழித்து யொருனுக்கு ஏதோ உறைத்தது. நிமிர்ந்தாள். வெள்ளைத் தழும்போடு அந்த இடது கண் நேராகத் தன்மேல் பதிந்திருப்பதைக் கண்டாள். குழாய் பாதியில் நின்றது.

மாரித் புருவத்தை உயர்த்தினாள். ம்?

யொருன் குழாயில் வாயை இறுக்கி வைத்தாள். பிறகு ஊதினாள். முதல் சுரம் கன்றுக்குட்டி கத்தியதுபோல் வந்தது. இரண்டாவது தேவலை. மூன்றாவது சுரம் மற்ற ட்ரம்போன்களோடு போய்ச் சேர்ந்தது. செய்தி காற்றில் பரவியதுபோல அந்த வரிசை முழுதும் ஒருவரை ஒருவர் ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு நிமிர்ந்தது. தோள்கள் விரிந்தன. மாரித் இடது கையை நீட்டி, ஹார்ன்கள் நுழையவேண்டிய இடத்தில் அவர்களின் கண்ணைப் பார்த்து, வா என்றாள். வந்தார்கள். பதினைந்து பேரும் சேர்ந்து, அவள் எழுதிவைத்தபடியே வந்தார்கள்.

ஒன்பது வருடமாக அவள் காதுக்குள் மட்டும் கேட்டுக்கொண்டிருந்த முழுச் சத்தம் இப்போது வாசலில் எழுந்து நின்றது.

தன் குழு எவ்வளவு பெரியது என்று அவளுக்கு இன்றுதான் தெரிந்தது.

பாட்டு முடிந்ததும் படிக்கட்டில் நின்ற கூட்டம் கைதட்டியது. சீவ் தன் பூச்செண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு இரண்டு விரலை வாயில் வைத்து விசிலடித்தாள். பாதிரியார் சிரித்துவிட்டார்.

யொருன் ட்ரம்போனைப் பின்னால் மறைத்தபடி வந்தாள்.

“இத்தனை நாளா உங்களுக்கு நிஜமாவே தெரியலையா?”

“இன்னிக்குத் தெரிஞ்சுது.”

“இனிமே எப்பவும் தெரியுமா?”

“எப்பவும்.”

“அப்ப இனிமே நாங்க வீட்டுல பயிற்சி பண்ணணுமா?”

“ஆமா.”

யொருன் பெருமூச்சு விட்டாள். “ஆனா அந்த மூணாவது சுரம் நல்லா இருந்துச்சுல்ல?”

“ரொம்ப நல்லா இருந்துச்சு,” என்றாள் மாரித்.

போட்டோக்காரர் குடும்பத்தை வரிசையாக நிறுத்த ஆரம்பித்தார். அம்மா தன்னை அறியாமல், இருபத்துமூன்று வருடப் பழக்கத்தில், மாரித்தின் தோளைத் தொட்டு, “கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்புடி,” என்றாள். இடது கண் படத்தில் விழாமல் இருக்க எப்போதும் சொல்லும் வார்த்தை.

மாரித் திரும்பவில்லை.

அம்மாவின் கை தோளிலேயே இருந்தது. எதிரே பேண்டு குழுப் பிள்ளைகள் இன்னும் கலையாமல், இடது வரிசை கொஞ்சம் கூடுதலாக விறைத்து, அவர்களையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா அந்தப் பிள்ளைகளைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். பிறகு கையை எடுத்துத் தன் புரூச்சைச் சரிசெய்துகொண்டாள்.

“அப்படியே இரு,” என்றாள். “நேரா பாரு.”

படம் எடுத்து முடிந்ததும் ஹால்வர் அவள் முழங்கையைப் பிடித்தான். “ரெண்டு நிமிஷம்க்கா.” சீவ் வீட்டாரைப் போட்டோக்காரர் அடுக்கிக்கொண்டிருந்தார். தேவாலயச் சுவரின் காற்று அடிக்காத பக்கம் அவளைக் கூட்டிப்போனான். நடக்கும்போது அவன் அவளுடைய இடது பக்கம் வந்துகொண்டிருப்பதை அவள் கவனித்தாள்.

“நான் எப்படி இருக்கேன்?” என்றான்.

“காது பெருசு. இவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியாது.”

இருவரும் சிரித்தார்கள். அவன்தான் முதலில் நிறுத்தினான்.

“நீ நீலத்தைப் போட்டுட்டு வருவன்னு நினைச்சேன். வரணும்னு வேண்டிக்கிட்டேன். ஒரே ஒரு நாள் அதைப் பார்க்காம இருக்கலாம்னு.”

“தெரியும்டா. கையில எடுத்துட்டேன். அப்புறம் வச்சுட்டேன்.”

“நல்லவேளை வச்ச.” அவன் சுவரைப் பார்த்தபடி பேசினான். “கதவு திறந்து வெளிய வரேன், நீ முதுகு காட்டிட்டு நிக்கற. அந்தப் பொண்ணு பயந்து ஊத ஆரம்பிச்சா பாரு. உன் முகம் எனக்குத் தெரியல. ஆனா எந்தக் கண்ணால அவளைப் பிடிச்சன்னு தெரிஞ்சுது. எனக்கு அழுகையே வந்துடுச்சு. சீவ் நினைச்சா கல்யாணம் ஆன சந்தோஷம்னு.”

“அதுவும்தான் இருக்கட்டுமே.”

“அக்கா, நான் இன்னிக்குச் சொல்லப்போறேன். விருந்துல. என் பேச்சுல.”

மாரித் அவனை நிமிர்ந்து பார்த்தாள். என்ன என்று கேட்கவில்லை. கேட்கத் தேவையில்லை.

ஊரில் எல்லோருக்கும் தெரிந்த கதை, மாரித் தானே வீசிய தூண்டில் தன் கண்ணிலேயே பட்டது என்பது. உண்மை வேறு. அப்பா இறந்து நான்கு மாதம் ஆகியிருந்தது. அவருடைய தூண்டிலைத் தொடக் கூடாது என்று அம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். எட்டு வயது ஹால்வர் அதை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்கு ஓடினான். அக்கா பின்னால் நிற்பதைப் பார்க்காமல் வீசினான். அம்மா அலறிக்கொண்டு ஓடிவந்தபோது, மாரித் ஒரு கையால் கண்ணைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையால் அந்தத் தூண்டிலைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டாள். “நான்தான்மா,” என்றாள்.

ஹால்வர் வாயைத் திறக்கவில்லை. அன்றைக்கும் இல்லை, அதற்குப் பிறகும் இல்லை.

“கல்யாண விருந்துலயா? உனக்கென்ன பைத்தியமா?”

“வேற எப்பச் சொல்றது? ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அடுத்த கிறிஸ்துமஸ்னு தள்ளிப் போட்டுட்டேன். சீவுக்கு நேத்து சொல்லிட்டேன்.”

“அவ என்ன சொன்னா?”

“‘உங்கம்மாவுக்கு இது தெரியாம நான் எப்படி அவங்களை அம்மான்னு கூப்பிடுவேன்’னு கேட்டா.”

மாரித் சுவரில் சாய்ந்தாள். கல் ஈரமாக இருந்தது.

அவள் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று உண்டு. அந்தப் பொய்யில் அவளுக்குப் பெருமை. பதிமூன்று வயதில், ரத்தம் வழிய வழிய, ஒரு நொடியில் யோசித்துச் சொன்ன பொய். வேலை கிடைக்காதபோது, நடனத்துக்கு யாரும் கூப்பிடாதபோது, கல்யாணப் பேச்சு பாதியில் நின்றபோது, அவள் அதைத்தான் நினைத்துக்கொள்வாள். நான் என் தம்பியைக் காப்பாற்றினேன். அதை அவன் இன்று சபையில் வைத்து உடைத்துவிட்டால், அவளிடம் என்ன மிஞ்சும்?

காப்பாற்றினேனா? இந்த மனுஷன் இருபத்துமூன்று வருடமாக என் வலது பக்கமாகவே நடந்துகொண்டிருக்கிறானே!

“விருந்துல யாரு எப்பப் பேசணும்னு கூப்பிடறது நீதானே,” என்றான் ஹால்வர். “நீ கூப்பிட்டா எழுந்து சொல்றேன். கூப்பிடலைன்னா பேசல. கேக் வெட்டிடலாம். நான் தப்பா நினைச்சுக்க மாட்டேன்.”

“இதுலயும் என் தலையில கட்டறியேடா.”

“உன் கண்ணுதானேக்கா,” என்றான் அவன்.

மூன்று மணிக்கு விருந்து தொடங்கியது. பழைய படகுக் கொட்டகையைக் கூடமாக மாற்றியிருந்தார்கள். நீள மேசைகள், பிர்ச் மர இலைத் தோரணம், சால்மன் மீன், வெண்ணெயில் புரட்டிய புது உருளைக்கிழங்கு. யாரோ கத்தியால் கண்ணாடிக் கோப்பையைத் தட்டினார்கள். எல்லோரும் சேர்ந்து தட்ட, அந்த ஊர் வழக்கப்படி மணமக்கள் நாற்காலிமேல் ஏறி நின்று முத்தமிட்டார்கள். பிறகு யாரோ தரையை உதைத்தார்கள். எல்லோரும் உதைக்க, இருவரும் மேசைக்கு அடியில் போய் முத்தமிட்டார்கள். ஹால்வர் வெளியே வரும்போது தலை மேசையில் இடித்துக்கொண்டது.

மாரித் எழுந்து நின்று ஒவ்வொருவராகப் பேசக் கூப்பிட்டாள். சீவின் அப்பா பேசினார். சீவின் தோழிகள் ஒரு கேலிப் பாட்டுப் பாடினார்கள். மாரித் சிரிக்கவேண்டிய இடத்தில் சிரித்தாள். கையில் இருந்த பட்டியலில் அடுத்த பெயர் தம்பியுடையது. அதற்குக் கீழே ‘கேக்’ என்று எழுதியிருந்தது.

அம்மாதான் இன்று வேறு ஆளாகியிருந்தாள். மேசைக்கு மேசை போய், “பார்த்தீங்களா, ரெண்டு கண்ணாலயும் நடத்தினா! அந்த இடது பக்கப் பசங்க நடுங்கிட்டாங்க!” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். காலையில் கடையில் பேசியதெல்லாம் எங்கே போயிற்றோ. வெள்ளை லென்ஸைத் தானே தேர்ந்தெடுத்துக் கொடுத்தவள்போல அவ்வளவு உரிமை.

அம்மா தன் இடத்தில் வந்து உட்கார்ந்ததும், பக்கத்தில் இருந்த சீவின் அத்தை, பெர்கன் நகரத்திலிருந்து வந்தவர், மாரித்தை உற்றுப் பார்த்தார். நேரடியாகப் பேசுகிற மனுஷி.

“உங்க பொண்ணு கண்ணுல அது என்ன, வெள்ளையா?”

அருகில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

“தழும்பு,” என்றாள் அம்மா, சத்தமாக, நிமிர்ந்து உட்கார்ந்து. இருபத்துமூன்று வருடத்தில் முதல் முறையாக அந்த வார்த்தையை அவள் ஒரு வெளியாளிடம் சொன்னாள். “பதிமூணு வயசுல தூண்டில் முள்ளு. தானே வீசி தானே மாட்டிக்கிட்டா. ஒரு சொட்டுக் கண்ணீர் விடலைங்க. ஆஸ்பத்திரிக்குப் போற படகுல என்னைத்தான் அவ சமாதானப்படுத்திட்டு வந்தா. ‘நான்தான்மா, நான்தான்மா’ன்னு அதையே சொல்லிட்டு வந்தா. தப்பைத் தன்மேல போட்டுக்கற தைரியம் எத்தனை பேருக்கு இருக்கும், சொல்லுங்க? என் பொண்ணுக்கு இருந்துச்சு.”

அத்தை தலையசைத்து, கோப்பையை மாரித்தின் பக்கமாக உயர்த்தினார். நாலைந்து பேர் தாங்களும் உயர்த்தினார்கள்.

ஹால்வர் உயர்த்தவில்லை. கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அக்காவையே பார்த்தான். எட்டு வயதில் படகுத்துறையில் நின்ற அதே முகம். அதைப் பார்க்க இன்று அவளுக்கு ஒரு கண்ணும் குறையவில்லை.

சீவ் அவன் முதுகில் கை வைத்திருந்தாள்.

மாரித் எழுந்தாள். கரண்டியால் கோப்பையை மூன்று முறை தட்டினாள். முத்தம் கேட்கிறார்கள் என்று நினைத்து இரண்டு பேர் தாங்களும் தட்டினார்கள். அவள் கையை உயர்த்தினாள். பேண்டு குழுவை அடக்குகிற அதே கை. கூடம் அடங்கியது.

“அடுத்து மணமகன் பேசறார்,” என்றாள். “என் தம்பி. என்னைவிட தைரியசாலி. அவன் பேசி முடிக்கிற வரைக்கும் யாரும் தட்டாதீங்க, உதைக்காதீங்க, குறுக்கே பேசாதீங்க.”

ஹால்வர் எழுந்தான். மேசைமேல் மடித்து வைத்திருந்த தாளை எடுக்கவில்லை. வழக்கப்படி மணமகளைப் பார்த்துப் பேச ஆரம்பிக்கவேண்டியவன், கடல் பக்கத்து மேசைக்கு, அம்மா உட்கார்ந்திருந்த பக்கம் முழுதாகத் திரும்பினான்.

குட்ரூன் பூரித்துப்போனாள். பக்கத்தில் இருந்த பெர்கன் அத்தையின் கையைப் பிடித்து அழுத்தினாள்.

“பாருங்க,” என்றாள் மெதுவாக, கண் கலங்கி. “கல்யாணம் ஆகியும் என்னைத்தான் முதல்ல பார்க்கறான்.”